சொந்த வீடு, வாடகை வீடு, அடுக்ககம்: ஒழுகும் கூரைக்கு யார் பொறுப்பு?

சொந்த வீடா, வாடகை வீடா என்ற கேள்வி நடுத்தரக் குடும்பங்களில் எழும்போதெல்லாம், வங்கிக் கடனின் மாதத் தவணையையும் வாடகைத் தொகையையும் அருகருகே எழுதிப் பார்ப்பதோடு கணக்கு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. வீடு என்பது குடியேறிய நாளிலிருந்தே தேயத் தொடங்கும் ஒரு பொருள் என்பதும், அந்தத் தேய்மானத்தை ஈடுகட்டப் பணமும் நேரமும் ஆளும் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும் என்பதும் அந்தக் கணக்கில் ஏறுவதில்லை. மனை விலை ஏறுவதை மட்டுமே பார்த்துப் பழகிய சமூகத்துக்கு, அந்த மனையின்மேல் நிற்கும் கட்டடத்தின் மதிப்பு ஆண்டுதோறும் இறங்கிக்கொண்டிருப்பது எளிதில் புலப்படுவதில்லை. வரி விதிகளுக்கு அது தெரியும்; தொழில் கணக்கில் காட்டப்படும் குடியிருப்புக் கட்டடத்துக்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு தேய்மானத்தை அவை அனுமதிக்கின்றன, மனைக்கோ எதையும் அனுமதிப்பதில்லை.

பராமரிப்பு என்ற சொல்லுக்குள் வெவ்வேறு தன்மையுடைய வேலைகள் அடங்கியிருக்கின்றன. குழாயின் வாஷர் மாற்றுவது, அடைத்துக்கொண்ட கழிவுநீர்க் குழாயைக் குத்திவிடுவது போன்றவை அன்றாட வேலைகள். வெள்ளையடிப்பது, தொட்டி கழுவுவது, மழைக்கு முன் மாடியைச் சீர்செய்வது போன்றவை பருவ வேலைகள். கம்பி துருப்பிடித்த கூரையைப் பழுதுபார்ப்பது, மின்கம்பிகளை முழுவதும் மாற்றுவது போன்றவை இருபது முப்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து குடும்பத்தின் சேமிப்பையே அசைக்கும் கட்டமைப்பு வேலைகள். இம்மூன்றும் எல்லா வகை வீடுகளுக்கும் உண்டு. தனிவீட்டிலிருந்து வாடகைக்கோ, வாடகையிலிருந்து அடுக்ககத்துக்கோ மாறுகிறவர் பராமரிப்பிலிருந்து தப்பிப்பதில்லை. முடிவெடுக்கும் அதிகாரத்தைத்தான் வேறொருவரிடம் ஒப்படைக்கிறார், அல்லது பலரோடு பகிர்ந்துகொள்கிறார். இதைச் சென்னையை வைத்து விளக்குவது பொருத்தமாக இருக்கும். கடல் உப்பு, வடகிழக்குப் பருவமழை, கோடைத் தண்ணீர்த் தட்டுப்பாடு ஆகிய மூன்றும் ஒரே நகரில் கட்டடங்களைச் சோதிக்கின்றன என்பதோடு, ஒரே தெருவில் தனிவீடும் ஆறு குடும்பங்களின் சிறு அடுக்ககமும் வாடகைக் குடித்தனமும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன.

தனிவீட்டின் பராமரிப்பு மொட்டை மாடியிலிருந்து தொடங்குகிறது. கான்கிரீட் தளம் தானாகவே மழையைத் தடுத்துவிடும் என்று பலரும் எண்ணுகின்றனர்; உண்மையில் கான்கிரீட்டில் நுண்ணிய துளைகளும் வெயிலின் விரிவு சுருக்கத்தால் விழும் மயிரிழை வெடிப்புகளும் இருப்பதால், அதன்மேல் தனியாக ஒரு நீர்காப்பு அடுக்கு தேவைப்படுகிறது. தமிழகத்தில் நெடுங்காலமாக வழக்கில் இருக்கும் முறைப்படி, உடைத்த செங்கல் ஜல்லியைச் சுண்ணாம்போடு கலந்து தளத்தின்மேல் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்கி, அதற்கும் மேலே தட்டோடு எனப்படும் மெல்லிய சுடுமண் ஓடுகளைப் பதிப்பார்கள். இந்த அடுக்கின் உயிர்நாடி அதன் சரிவு. மழைநீர் எங்கும் தேங்காமல் வடிகுழாயின் வாய்வரை ஓடிவிட வேண்டும். ஓடுகளுக்கு இடைப்பட்ட சந்துகளில் பூசிய சிமெண்ட் சில ஆண்டுகளில் உதிர, அந்த வழியாக இறங்கும் நீர் செங்கல் ஜல்லியில் ஊறித் தங்கி, மழை நின்று பல நாள்கள் கழிந்த பின்னும் கீழே அறையின் கூரையில் வட்டவட்டமாக ஓதம் காட்டும். ஓதம் தென்படும் இடத்துக்கு நேர்மேலேதான் ஓட்டை இருக்கும் என்பதற்கில்லை. நீர் ஓரிடத்தில் இறங்கிப் பல அடி தள்ளி வெளிப்படக்கூடும் என்பதால், ஓதம் கண்ட இடத்தில் மட்டும் சிமெண்ட் பூசிவிட்டுப் போகும் வேலை அடுத்த மழைக்குத் தாக்குப்பிடிப்பதில்லை.

காலம் தவறுவது இந்த வேலையின் தனிச் சாபம். மாடிக்கு நீர்காப்பு செய்ய உகந்தது தளம் நன்றாகக் காய்ந்திருக்கும் மாசி முதல் வைகாசி வரையிலான காலம். அப்போது கூரை ஒழுகாததால் வீட்டுக்காரருக்கு அது நினைவுக்கு வருவதில்லை. ஐப்பசியில் முதல் மழை பெய்து கூரை சொட்டத் தொடங்கியதும் கொத்தனாரைத் தேடினால், அவர் ஊரிலுள்ள மற்ற ஒழுகும் வீடுகளில் சிக்கியிருப்பார். கிடைத்தாலும் ஈரத்தளத்தில் எந்தப் பூச்சும் பிடிக்காது. ஆகவே தார்ப்பாய் விரித்து மார்கழி வரை ஓட்டுவதும், தை பிறந்ததும் மறந்துவிடுவதும் பல வீடுகளில் ஆண்டுச் சடங்காகவே ஆகிவிடுகின்றன.

கைப்பிடிச் சுவரின் வெளிப்புறத்திலும் சன்ஷேடின் மூலையிலும் முளைக்கும் அரசங்கன்று, தள்ளிப்போடுவதால் வரும் தொல்லைக்கு இன்னொரு சான்று. பறவையின் எச்சத்தோடு வந்து விழும் விதை, சிமெண்ட் பூச்சின் ஒரு கீறலில் தூசியும் ஈரமும் இருந்தாலே முளைத்துவிடுகிறது. இரண்டு இலை விட்ட நிலையில் விரலால் பிடுங்கி எறியக்கூடிய அந்தக் கன்று, கவனிப்பாரற்று இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டால், செங்கல் வரிசைகளுக்கு இடையே வேரை நுழைத்துச் சுவரைப் பிளக்கும். மேலே தெரியும் தண்டை வெட்டுவதால் பயனில்லை. வேர் உள்ளே இருக்கும்வரை அது மீண்டும் துளிர்க்கும், சுவரை உடைத்து வேரை எடுத்துப் பூசினால்தான் தொல்லை தீரும். விரலால் முடிந்திருக்க வேண்டியது சாரம் கட்டும் வேலையாக வளர்ந்துவிடும் இந்த இயல்பு, வீட்டுப் பராமரிப்பு முழுவதற்கும் பொருந்தும்.

கம்பி துருப்பிடிப்பதும் அவ்வாறே. புதிய கான்கிரீட்டின் காரத்தன்மை அதனுள் இருக்கும் இரும்புக் கம்பியின்மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கி வைத்திருக்கும். காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல உட்புகுந்து காரத்தைக் குறைக்கும்போதும், கடற்காற்றோ உப்பு நீரோ கொண்டுவரும் குளோரைடு கம்பியைத் தொடும்போதும், அந்தப் படலம் அழிகிறது. துரு, தான் தோன்றிய இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்பதால், கம்பியைச் சுற்றியுள்ள கான்கிரீட் வெடித்துப் பெயர்ந்து விழுகிறது. கம்பிக்கும் கான்கிரீட்டின் வெளிப்பரப்புக்கும் இடையே விடப்படும் கனத்தைக் கட்டடத் தொழிலில் ‘கவர்’ என்பார்கள். பாதிப்பு குறைந்த சூழலுக்கு 20 மில்லிமீட்டர், கடற்கரை போன்ற கடுமையான சூழலுக்கு 45 மில்லிமீட்டர் என்று இந்தியத் தரவிதியான ஐ.எஸ். 456 வகுத்திருக்கிறது. கம்பிக்குக் கீழே கவர் பிளாக் எனப்படும் சிறு சிமெண்ட் கட்டைகளை ஒழுங்காக வைக்காமல் கான்கிரீட் போட்ட வீட்டில், அந்தக் கவனக்குறைவுக்கான விலையை முப்பது ஆண்டுகள் கழித்து வீட்டில் வசிப்பவர் கொடுக்க நேரிடுகிறது.

தண்ணீர் தொடர்பான வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தரைக்கடியிலுள்ள சம்ப், மாடியிலுள்ள தொட்டி, ஆழ்துளைக் கிணறு, அதன் மோட்டார், காயில் கருகினால் மறுபடி கட்டித் தரும் கடை, தண்ணீர் லாரிக்காகக் காத்திருப்பது ஆகிய அனைத்தும் தனிவீட்டுக்காரரின் தனிப்பொறுப்பு. 2003இல் தமிழகம் முழுவதும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு அமைப்பும் இதில் சேரும். சட்டத்துக்காக அன்று தோண்டிய குழியில் போட்ட மணலும் கூழாங்கல்லும் சேறு படிந்து அடைபட்டுவிடும் என்பதையும், ஆண்டுக்கு ஒருமுறையேனும் அவற்றை எடுத்துக் கழுவிப் போட வேண்டும் என்பதையும் நினைவில் வைத்திருப்போர் குறைவு. 2019 கோடையில் நகரின் ஏரிகள் வறண்டபோதுதான் பலருக்கும் வாசலில் அப்படியொரு குழி இருப்பதே நினைவுக்கு வந்தது.

இதற்கெல்லாம் ஆண்டுக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும்? வீட்டு விலையில் ஆண்டுக்கு ஒரு விழுக்காட்டைப் பராமரிப்புக்கு எடுத்துவைக்க வேண்டும் என்று அமெரிக்காவில் ஒரு பொது விதி வழங்குகிறது. அதைச் சென்னையில் அப்படியே பொருத்துவது தவறாகும். மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ வீட்டின் விலையில் பெரும்பங்கு மனைக்குரியது, மனைக்கு வெள்ளையடிக்க வேண்டியதில்லை. இன்று அதே கட்டடத்தைப் புதிதாகக் கட்ட ஆகும் செலவையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும். 1,200 சதுர அடி வீட்டைக் கட்டச் சதுர அடிக்கு 2,500 ரூபாய் ஆகும் என்று கொண்டால், கட்டடத்தின் மதிப்பு 30 லட்சம் ரூபாய். அதில் ஒரு விழுக்காடு ஆண்டுக்கு 30,000 ரூபாய். எந்த ஆண்டிலும் சரியாக இந்தத் தொகை செலவாகாது என்பதுதான் சிக்கல். நான்கு ஆண்டுகள் ஐயாயிரத்தோடு கழிந்து, ஐந்தாம் ஆண்டில் ஒரு லட்சத்துக்கு மேல் கேட்கும். சொத்துவரி தனி, 2022இல் சென்னை மாநகராட்சியின் பழைய எல்லைக்குள் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 50 விழுக்காடும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 150 விழுக்காடும் அது உயர்த்தப்பட்டது.

பணத்தைவிட நேரமே பெரிய செலவு என்று தனிவீட்டுக்காரர்கள் சொல்வதில் மிகை இல்லை. காலை பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன பிளம்பர் மாலை நான்கு மணிக்கு வருகிறார், வந்தவர் பொருள் வாங்கிவரச் சொல்லிவிட்டு மறுநாள் வருவதாகப் போய்விடுகிறார். இந்தக் காத்திருப்பு வீட்டிலிருக்கும் பெண்களின் தலையிலோ ஓய்வுபெற்ற முதியவர்களின் தலையிலோதான் விழுகிறது என்பதும், குடும்பத்தின் எந்தக் கணக்கிலும் அது உழைப்பாகப் பதிவதில்லை என்பதும் குறிப்பிடத்தக்கவை. எனினும் தனிவீட்டுக்கு ஒரு பெரும் வசதி உண்டு. மாடியை இந்தச் சித்திரையில் செய்வதா அடுத்த சித்திரையில் செய்வதா, முழுவதும் செய்வதா ஒரு பகுதியை மட்டும் செய்வதா என்று முடிவெடுக்க யாருடைய கையெழுத்தும் தேவையில்லை.

வாடகைக் குடித்தனத்தில் அந்த வசதிதான் முதலில் போகிறது. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு மாற்றாகத் தமிழகம் 2017இல் இயற்றி, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த நில உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் சட்டம், பராமரிப்பை இரு தரப்புக்கும் பிரித்துக் காட்டும் அட்டவணை ஒன்றைக் கொண்டிருக்கிறது. கட்டமைப்புப் பழுது, சுவருக்கு வெள்ளையடித்தல், கதவு சன்னல்களுக்கு வண்ணம் பூசுதல், தேவைப்படும்போது குழாய்களையும் மின்கம்பிகளையும் மாற்றுதல் ஆகியவை உரிமையாளரின் பொறுப்பு. குழாய்த் திருகு, வடிகால் அடைப்பு, சுவிட்ச், பூட்டு, சன்னல் கண்ணாடி போன்றவை குடியிருப்பவரின் பொறுப்பு. முன்பணத்துக்கும் மூன்று மாத வாடகை என்ற வரம்பு இடப்பட்டிருக்கிறது. நடைமுறையோ வேறு. பத்து மாத ‘அட்வான்ஸ்’ வாங்கிய பழக்கம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. காலி செய்யும்போது ‘பெயிண்டிங் சார்ஜ்’ என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது, ஒப்பந்தத்தில் ஒரு வரியாக ஏறி, கேள்வி கேட்கப்படாத வழக்கமாகவே நின்றுவிட்டது.

உரிமையாளர்கள் பழுதைத் தள்ளிப்போடுவதைக் கஞ்சத்தனம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அதற்குப் பின்னால் தெளிவான கணக்கு ஒன்று இருக்கிறது. இந்தியப் பெருநகரங்களில் ஓராண்டு வாடகை, வீட்டின் விலையில் இரண்டு முதல் நான்கு விழுக்காட்டளவே தேறுகிறது. உரிமையாளர் எதிர்பார்ப்பது மனை விலையின் ஏற்றத்தை, அந்த ஏற்றமோ கூரை ஒழுகினாலும் ஒழுகாவிட்டாலும் நடக்கிறது. கட்டுநரோடு கூட்டாகச் சேர்ந்து பழைய வீட்டை இடித்து அடுக்ககம் எழுப்பும் ‘ஜாயின்ட் வென்ச்சர்’ பேச்சு தொடங்கிவிட்ட வீட்டில் ஒரு வாளிச் சுண்ணாம்பைக்கூட எதிர்பார்ப்பதற்கில்லை. வருமான வரிச் சட்டமும் இந்தப் போக்குக்கு ஒருவகையில் துணைபோகிறது. வாடகை வருமானத்திலிருந்து சொத்துவரியைக் கழித்த பின் எஞ்சும் தொகையில் 30 விழுக்காட்டைப் பழுது முதலிய செலவுகளுக்கென்று சட்டம் கழித்துக்கொள்ள விடுகிறது. ஆனால் அந்தத் தொகையை உண்மையில் செலவழித்திருக்க வேண்டும் என்று அது கேட்பதில்லை. பழுதே பார்க்காத உரிமையாளருக்கும் முழுமையாகப் பார்த்தவருக்கும் ஒரே கழிவு என்னும்போது, பார்க்காதவருக்குக் கையில் மிஞ்சுவது அதிகம். முந்தைய தலைமுறையில் வாடகைக் கட்டுப்பாடு இதற்கு நேர்மாறான வழியில் இதே விளைவைத் தந்தது. வாடகை பல ஆண்டுகள் உறைந்து கிடந்த ஜார்ஜ் டவுன், திருவல்லிக்கேணி வீடுகளில், வரும் வாடகை ஒரு கொத்தனாரின் சில நாள் கூலிக்கும் காணாது என்ற நிலையில், உரிமையாளர்கள் அவற்றைத் தாமாக விழும்வரை விட்டுவிட்டனர்.

குடியிருப்பவரின் பக்கம், சுமை பணமாக வருவதில்லை, காத்திருப்பாக வருகிறது. கூரை ஒழுகுகிறது என்று சொல்லலாம், நினைவூட்டலாம், சட்டப்படி தாமே சரிசெய்து வாடகையில் கழித்துக்கொள்ளவும் முயலலாம். கடைசியில் அவர் கையிலிருக்கும் ஒரே ஆயுதம் வீட்டைக் காலி செய்வதுதான். அந்த ஆயுதத்தை மதிப்பற்றதாகக் கருதுவதற்கில்லை. தனிவீட்டுக்காரரால் தம் வீட்டின் உப்புத் தண்ணீரையோ வெள்ளம் சூழும் தெருவையோ விட்டு ஓட முடியாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளம் மூழ்கிய வாடகைக் குடும்பங்களால் அடுத்த தையில் வேறு பகுதிக்குப் போக முடிந்தது, சொந்த வீட்டுக்காரர்கள் சேறு வழித்து, மின்கம்பி மாற்றி, கறையான் பிடித்த நிலையை அகற்றி, அங்கேயே இருந்தனர். மூட்டை கட்டும் செலவும் பிள்ளைகளின் பள்ளி மாற்றமும் புதிய முன்பணமும் வாடகைக்காரர் அவ்வப்போது செலுத்தும் பராமரிப்புக் கட்டணமென்றே கொள்ளத்தக்கவை.

அடுக்ககத்தில் குடியேறுவோர் பலரை ஈர்ப்பது, மாதந்தோறும் ஒரு தொகையைக் கட்டிவிட்டால் பராமரிப்பைப் பற்றிய கவலை தீர்ந்தது என்ற நம்பிக்கை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனிவீட்டைப் பூட்டிவிட்டுப் போக அஞ்சும் முதியவர்களுக்கு இது உண்மையாகவே பெரும் ஆறுதல். இங்கே ஒருவர் வாங்குவது தம் நான்கு சுவருக்குள்ளிருக்கும் இடம், மாடிப்படி, மின்தூக்கி, மொட்டை மாடி போன்ற பொதுப் பகுதிகளில் ஒரு பங்கு, மற்றும் பேச்சுவழக்கில் ‘யு.டி.எஸ்.’ எனப்படும் பிரிக்கப்படாத மனைப் பங்கு. தனிவீட்டோடு ஒப்பிட்டால் அடுக்கக விலையில் மனையின் பங்கு குறைவு, கட்டடத்தின் பங்கு அதிகம். விலை ஏறும் பகுதி சிறுத்து, தேயும் பகுதி பெருத்த சொத்து இது. ஆகையால் பராமரிப்பு தவறினால் அடுக்கக உரிமையாளருக்கு ஏற்படும் இழப்பு, தனிவீட்டுக்காரரின் இழப்பைவிட விகிதத்தில் பெரியது.

மாதக் கட்டணம் பெரும்பாலும் சதுர அடிக்கு இவ்வளவு என்று வாங்கப்படுகிறது. காவலர் சம்பளம், துப்புரவு, மின்தூக்கியின் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், ஜெனரேட்டர் டீசல், தண்ணீர் லாரி, பெரிய வளாகமானால் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் என்று அந்தப் பணம் அந்தந்த மாதமே கரைந்துவிடுகிறது. அரசின் கட்டண முடிவுகளும் அதில் நேராக எதிரொலிக்கின்றன. 2022 செப்டம்பரில் அடுக்ககப் பொதுப் பயன்பாட்டு மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 8 ரூபாய் என்ற தனி வீதம் வந்தபோது சிறு அடுக்ககங்கள் திணறின. 10 வீடுகளுக்கும் மூன்று தளங்களுக்கும் மிகாத, மின்தூக்கி இல்லாத அடுக்ககங்களுக்கு 2023இல் அது 5 ரூபாய் 50 காசாகக் குறைக்கப்பட்டது. மாதக் கட்டணம் ஒரு வீட்டுக்கு 7,500 ரூபாயைத் தாண்டினால் சரக்கு மற்றும் சேவை வரி எழுகிறது. அது முழுத் தொகைக்கா, தாண்டிய பகுதிக்கு மட்டுமா என்ற வழக்கில், தாண்டிய பகுதிக்கு மட்டுமே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது.

மாதக் கட்டணம் தீர்க்காத சிக்கல்கள் சுவருக்குள் இருக்கின்றன. பல அடுக்ககங்களில் குளியலறையின் தளத்தை மற்ற அறைகளைவிட ஓர் அடி அளவுக்குத் தாழ்த்திக் கான்கிரீட் போட்டு, அந்தப் பள்ளத்தில் கழிவுநீர்க் குழாய்களைப் பதித்து, உடைசெங்கல்லால் நிரப்பி, மேலே ஓடு பதிக்கிறார்கள். இதைக் கட்டடத் தொழிலில் ‘சங்கன் ஸ்லாப்’ என்பார்கள். ஓடுகளின் இணைப்பு வழியாகவோ குழாயின் இணைப்பு வழியாகவோ கசியும் நீர் இந்தப் பள்ளத்தில் குளமாகத் தங்கி, கீழ்வீட்டின் கூரையில் சொட்டுகிறது. பாதிக்கப்படுபவர் கீழ்வீட்டுக்காரர், உடைக்க வேண்டியதோ மேல்வீட்டின் குளியலறை. மேல்வீட்டில் இருப்பவர் வாடகைக்காரர் என்றால், ‘ஓனர்கிட்ட கேளுங்க’ என்கிறார். ஓனர் நியூ ஜெர்சியிலிருந்து வாட்ஸ்அப்பில், அடுத்த முறை ஊருக்கு வரும்போது பார்ப்பதாகப் பதில் போடுகிறார். வீட்டு உரிமையாளர் சங்கத்தின் செயலாளர், பெரும்பாலும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியாகவோ அரசு ஊழியராகவோ இருப்பவர், இது இரு வீட்டுக்காரர்களுக்கிடையிலான விவகாரம், பொதுப்பணத்தில் செய்ய இயலாது என்கிறார். ஐம்பதாயிரம் ரூபாய்க்குள் முடியும் வேலைக்கு நான்கு தரப்பினரின் இசைவு தேவைப்படுகிறது, அதற்குள் கீழ்வீட்டுக் கூரையில் கம்பி வெளியே தெரிகிறது. தரைத்தளத்தார் மின்தூக்கிக்குப் பணம் தர மறுப்பதும், மாடி ஒழுகுவது உச்சித்தளத்தார் பிரச்சினை என்று மற்றவர்கள் ஒதுங்குவதும் இதே வகையைச் சேர்ந்தவை. மொட்டை மாடி எல்லோருக்கும் பொது என்ற உண்மை, அங்கே வடகம் காயவைக்கும்போது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. நீர்காப்புக்குப் பணம் கேட்கும்போது மறந்துபோகிறது.

கூட்டுச் சொத்தின் இந்த முட்டுக்கட்டை தமிழகத்துக்குப் புதியதன்று. செட்டிநாட்டின் பெரிய வீடுகள் தலைமுறை தலைமுறையாகப் பங்காளிகளுக்கிடையே பிரிந்து, ஒரே வீட்டுக்குப் பல ஊர்களிலும் நாடுகளிலும் வாழும் பல பங்குதாரர்கள் என்ற நிலைக்கு வந்தபோது, ஓடு மாற்றும் செலவுக்கே எல்லோரையும் ஒன்றுசேர்ப்பது அரிதாயிற்று. திருமணத்துக்கும் முன்னோருக்கான படைப்புக்கும் கூடும் குடும்பங்கள் தம் வீட்டை ஓரளவு காத்துக்கொண்டன. ஒத்துப்போக முடியாத பங்காளிகளின் வீடுகள் பிரிக்கப்பட்டு, பர்மாத் தேக்குத் தூண்களும் செதுக்கிய நிலைகளும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. அந்த வீடுகளைப் பங்காளிகளின் உறவேனும் பிணைத்திருந்தது. அடுக்ககத்தாரைப் பிணைப்பதற்குச் சங்கத்தின் துணைவிதிகளைத் தவிர வேறொன்றும் இல்லை.

இத்தகைய முட்டுக்கட்டை உயிரையே பறிக்கவும் கூடும். அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் சர்ஃப்சைடு என்னும் கடற்கரை ஊரில், 1981இல் கட்டப்பட்ட 12 மாடி அடுக்ககத்தின் ஒரு பகுதி 2021 ஜூன் 24 அன்று நள்ளிரவுக்குப் பின் இடிந்து 98 பேர் இறந்தனர். நீச்சல்குளத்தை ஒட்டிய தளம் சரிவில்லாமல் மட்டமாகப் போடப்பட்டதால் நீர் வடியவில்லை என்றும், நீர்காப்பு செயலிழந்து அடியிலுள்ள கான்கிரீட் சிதைந்துவருகிறது என்றும் 2018லேயே பொறியாளர் ஒருவர் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். பழுதுச் செலவு குறித்த சச்சரவுகளிலேயே ஆண்டுகள் கழிந்தன. ஒன்றரைக் கோடி டாலர் செலவில் பழுதுபார்க்கச் சங்கம் இசைந்தபோது 2021 ஏப்ரல் ஆகிவிட்டது, வீட்டுக்குச் சுமார் 80,000 டாலர் முதல் 3,36,000 டாலர் வரை பங்கு விழுந்தது. அதன் பிறகு ஃப்ளோரிடா 2022இல் சட்டம் இயற்றி, மூன்று மாடியும் அதற்கு மேற்பட்டதுமான அடுக்ககங்களுக்குக் கட்டமைப்பு ஆய்வையும், பெரும்பழுதுகளுக்கான இருப்பு நிதியைக் கணக்கிட்டுச் சேர்ப்பதையும் கட்டாயமாக்கியது. சென்னையிலும் எச்சரிக்கை இல்லாமல் இல்லை. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பொன்றில் 24 வீடுகள் இடிந்து விழுந்தன; விரிசலைக் கண்ட மக்கள் முன்கூட்டியே வெளியேறியதால் மட்டுமே உயிர்ச்சேதம் தவிர்க்கப்பட்டது.

பெரும்பழுதுக்கு முன்கூட்டியே பணம் சேர்ப்பதில் சிங்கப்பூரின் வழி இன்னொன்று. அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் வசிப்போர் நகர மன்றத்துக்குக் கட்டும் மாதக் கட்டணத்தில் ஒரு பகுதி, சட்டப்படி, மின்தூக்கி மாற்றம், மறுவண்ணம் போன்ற நீண்டகாலச் செலவுகளுக்கான நிதிக்குத் தனியாகப் போகிறது. 2007இல் தொடங்கிய மேம்பாட்டுத் திட்டத்தில், வீட்டுக்குள் கான்கிரீட் உதிர்வதைச் சரிசெய்யும் செலவையும் குடிமக்களுக்காக அரசே ஏற்கிறது. தமிழகத்தில் இதற்கிணையான ஏற்பாடு இல்லை. கட்டட விற்பனை ஒழுங்குமுறைச் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்து ஐந்து ஆண்டுகளுக்குள் தெரியவரும் கட்டமைப்புக் குறைகளைக் கட்டுநர் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். ஆறாம் ஆண்டிலிருந்து சங்கம் தன் கையையே நம்ப வேண்டியிருக்கிறது. 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், பழைய அடுக்ககத்தை இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் ஒப்புதல் போதும் என்று வழிவிட்டிருக்கிறது. ஒரே ஒருவரின் மறுப்பால் தேங்கிக் கிடந்த பல கட்டடங்களுக்கு இது தேவையான திருத்தம்தான். ஆயினும் இடிப்பதை எளிதாக்கிய அளவுக்கு, இடிக்கும் நிலை வராமல் காப்பதற்கான பணத்தைச் சேர்க்கும் பழக்கம் இன்னும் வேரூன்றவில்லை. மாதக் கட்டணத்தில் ஐம்பது ரூபாய் உயர்த்துவதற்கே பொதுக்குழுவில் கூச்சல் எழும் அடுக்ககத்தில், 2045இல் மாற்ற வேண்டிய மின்தூக்கிக்கு இன்றே பணம் சேர்ப்போம் என்று சொல்லும் செயலாளர் அடுத்த தேர்தலில் வெல்வது கடினம்.

எனவே அடுக்ககத்தில் வீடு பார்க்கப் போகிறவர்கள் நீச்சல்குளத்தையும் உடற்பயிற்சிக் கூடத்தையும் பார்ப்பதற்கு முன், சங்கத்தின் கடைசி மூன்று ஆண்டுத் தணிக்கை செய்த கணக்கையும், பெரும்பழுதுக்கென்று வங்கியில் தனியாக இருக்கும் தொகையையும், மொட்டை மாடிக்குக் கடைசியாக நீர்காப்பு செய்த ஆண்டையும் கேட்க வேண்டும். புதிய கட்டடமானால் கட்டுநர் வசூலிக்கும் மூலநிதி எந்தத் தேதியில் சங்கத்தின் கணக்குக்கு மாறும் என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். தனிவீடோ வாடகை வீடோ பார்க்கிறவர்கள் ஐப்பசியிலோ கார்த்திகையிலோ, மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போய்க் கூரையைப் பார்ப்பது நல்லது. கோடையில் புதிதாக வண்ணம் பூசிய சுவர் எதையும் காட்டிக்கொடுக்காது.